அந்தக் கொங்கிரீட் பெட்டி என்ன, அப்பா? இங்கிலாந்தின் போர்த்தடங்களில் குடும்பத்தோடு நடக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் நடந்தது பிரான்சிலும் பெல்ஜியத்திலும். இங்கிலாந்தின் வயல்வெளியில் பார்க்க என்ன இருக்கிறது?

சண்டை நடந்த தடம் குறைவுதான். இங்கே அதிகம் இருப்பது காத்திருந்த தடம். இரண்டாம் உலகப்போரில், 1940 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பிரான்சின் டன்கேர்க் கடற்கரையிலிருந்து தப்பி வந்த பிரித்தானியப் படை, தன் பீரங்கிகளையும் வாகனங்களையும் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டு வந்தது. அடுத்து ஜெர்மன்காரர் இங்கே வந்து இறங்குவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கோடை முழுக்க ஆற்றங்கரை, பாலத்தடி, ரயில் பாதை ஓரம், கடற்கரை என்று பார்த்த இடமெல்லாம் கொங்கிரீட் ஊற்றினார்கள். அப்படி எழுந்த பில்பொக்ஸ்களும் (உள்ளே நின்று துவாரம் வழியே சுடுவதற்கான சின்னக் கொங்கிரீட் பெட்டிகள்) அதுபோன்ற காவல் நிலைகளும் நாடு முழுக்க ஏறத்தாழ 28,000 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இறங்க வேண்டியவர்கள் வரவில்லை. கொங்கிரீட் மட்டும் நிற்கிறது, சுற்றிவர ஆடு மேய்கிறது.

எனக்கு இந்தப் பழக்கம் மகளால் வந்தது. அவளுக்கு 6 வயது இருக்கும்போது ஒரு வயல் ஓரத்தில் இப்படி ஒன்றைக் கண்டு, "அப்பா, இந்த வீட்டுக்கு ஏன் ஜன்னல் இவ்வளவு சின்னது?" என்று கேட்டாள். "அது வீடில்லை, பங்கர் மாதிரி" என்றேன். "நீங்கள் சின்னப்பிள்ளையாய் இருக்கேக்க வளவுக்குள்ளே வெட்டினீங்களே, அதுவா?" என்றாள். பதில் சொல்ல அன்றைக்கு ஒரு மைல் தூரம் நடக்க வேண்டியிருந்தது. நாலு சுவருக்குள் இருந்து கதைக்க முடியாததை நடந்துகொண்டு கதைக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் தடவை போகிறோம். பிராமில் ஒரு குழந்தை, நடக்கிற வயதில் ஒன்று. எங்கே போகலாம்?

பார்க்ஷயரில் கெனட் அண்ட் ஏவன் கால்வாய்க் கரை. ஏற்றம் இல்லை. ரயிலிலேயே போகலாம், ரீடிங்கிலிருந்து நியூபரி போகிற பாதை கால்வாயை ஒட்டியே ஓடுகிறது. ஆல்டர்மாஸ்டன் நிலையத்தில் இறங்கி, கால்வாய்க் கரையோடு மேற்கே நடந்தால் மிட்கம் நிலையம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். போன வழியே திரும்பி நடக்கத் தேவையில்லை, அங்கேயே ரயில் ஏறலாம். சின்னப்பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். மழைக்காலத்தில் மட்டும் கரை சேறாகிவிடும், பிராமின் சின்னச் சக்கரம் அதில் புதையும்.

கால்வாயில் ஏன் பில்பொக்ஸ்? டாங்கியால் கால்வாயைச் சும்மா கடக்க முடியாது. தண்ணீர் நிறைந்த ஆயத்த அகழி ஒன்று குறுக்கே கிடக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். லண்டனையும் நடுநாட்டுத் தொழில் நகரங்களையும் காப்பதற்கு வரைந்த தடுப்புக் கோட்டின் ஒரு பகுதி இந்தக் கால்வாய் வழியே போனது. தீல் முதல் நியூபரி வரைக்கும் கரையோரத்திலும் பக்கத்து வயல்களிலும் அவை நிற்கின்றன. சிலது புதருக்குள் மறைந்து கிடக்கும். "யார் முதலில் காணுவது" என்று ஒரு போட்டி வைத்தால் போதும், கால் நோகுது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பரிசு பிஸ்கட்தான்.

பில்பொக்ஸுக்குள் போகலாமா?

பொதுவழி ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம். பல பில்பொக்ஸ்கள் தனியார் நிலத்தில் இருக்கின்றன. வேலி தாண்டிப் போவது சரியில்லை. உள்ளே உடைந்த போத்தல், கம்பி, அதைவிட மோசமானதும் கிடக்கும். சிலவற்றில் வௌவால் குடியிருக்கிறது. இந்த நாட்டில் வௌவாலைக் கலைப்பது சட்டப்படி குற்றம், அதனால் டோர்ச் அடித்துக் கூச்சல் போட வேண்டாம்.

வெளியே நின்றே பார்க்க நிறைய உண்டு. மூலைகளை எண்ணச் சொல்லுங்கள். அதிகம் காணக்கூடிய வகை அறுகோணம். ஒவ்வொரு பக்கத்துத் துவாரமும் வேறு திசை பார்க்கும். எந்தப் பக்கத்தில் வாசல் இருக்கிறது என்று கேளுங்கள்: எதிரி வரக்கூடிய திசைக்கு எதிர்ப்பக்கம். அதைக் கண்டுபிடித்துவிட்டால், படை எங்கிருந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள் என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும். சுவரில் பலகையின் மரவரிகூடப் பதிந்திருக்கும். தச்சர்கள் பலகை அடித்து, அதற்குள் கொங்கிரீட் ஊற்றிய அடையாளம் அது.

கடற்கரைப் பக்கமாக ஒன்று சொல்லுங்கள்.

கிழக்கு சசெக்ஸில் கக்மியர் ஹேவன். எக்சீற் என்ற சிற்றூரிலிருந்து கடல் வரைக்கும் பள்ளத்தாக்கு வழியே தட்டையான பாதை, போக ஏறத்தாழ 2 கிலோமீட்டர். பெரும்பகுதி கெட்டியான தரை, கடைசியில் மட்டும் கூழாங்கல். ஆறு வளைந்து வளைந்து போகும், இடப்பக்கம் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகள். எல்லோரும் அந்தப் பாறையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கடற்கரையை ஒட்டி டாங்கித் தடுப்புகளும் பில்பொக்ஸ்களும் இருக்கின்றன, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிள்ளைகளுக்குப் பிடித்த கதை இங்கே இன்னொன்று. போர்க்காலத்தில் ஊரெல்லாம் விளக்கை அணைத்து இருட்டாக்கி வைத்திருந்தார்கள். இந்த ஆள் இல்லாத பள்ளத்தாக்கில் மட்டும் வேண்டுமென்றே விளக்கு வைத்தார்கள். மேலே வரும் விமானி இதைப் பக்கத்தில் உள்ள நியூஹேவன் துறைமுகம் என்று நினைத்து, குண்டை வெறும் புல்வெளியில் போட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது கணக்கு. "ஆடு பாவம்" என்றாள் என் மகள். நியாயம்தான்.

பாறை விளிம்புக்கும் கிட்டப் போகவேண்டாம், பாறையின் அடியிலும் உட்காரவேண்டாம். சுண்ணாம்புப் பாறை, அறிவித்தல் கொடுத்துவிட்டு விழாது.

போரில் பெரிய ஆர்வம் இல்லாத பிள்ளைக்கு?

"காது" பார்க்கக் கூட்டிப்போங்கள். கென்டில், ஃபோக்ஸ்டனுக்கும் டோவருக்கும் நடுவில், அபட்ஸ் கிளிஃப் என்ற பாறை மேட்டில், கடலைப் பார்த்தபடி ஒரு கொங்கிரீட் கிண்ணம் நிற்கிறது. ஏறத்தாழ 6 மீட்டர் அகலம். 1920களின் கடைசியில் கட்டியது. கடல் தாண்டி வரும் விமானத்தின் இரைச்சலைக் குழிவான பரப்பில் வாங்கி ஒரு புள்ளியில் குவிக்கும், அந்தப் புள்ளியில் ஒருவர் காது கொடுத்துக்கொண்டு நிற்பார். விமானங்களின் வேகம் கூடக்கூட, சத்தம் கேட்பதற்கும் விமானம் தலைக்கு மேல் வருவதற்கும் இடையே நேரம் இல்லாமல் போனது. 1930களில் ரேடார் வந்ததும் காதுக்கு வேலை போய்விட்டது.

கேப்பல்-லெ-ஃபேர்ன் ஊரில் பிரித்தானியச் சமர் நினைவிடம் இருக்கிறது, 1993ல் திறந்தது. 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை வானத்தில் நடந்த சண்டைக்கான நினைவிடம். முழங்காலைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு விமானியின் சிலை அங்கே உண்டு. அங்கிருந்து பாறை மேட்டு வழியே டோவர்ப் பக்கமாக நடந்தால் காது வந்துவிடும். ஒருவர் கிண்ணத்தின் முன்னால் நின்று மெதுவாகப் பேச, மற்றவர் எந்த இடத்தில் நின்றால் சத்தம் பெரிதாகக் கேட்கிறது என்று தேடலாம். பள்ளியில் படிக்காத இயற்பியல் இங்கே ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். காற்று பலமாக வீசும் நாளில் போகாதீர்கள், ஒன்றும் கேட்காது. அதோடு இது பாறை விளிம்பு, சின்னப்பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஏதாவது இடம் உண்டா?

உண்டு. பிரைட்டனுக்கு வடக்கே, பாட்சம் மேட்டில் சத்ரி. முதலாம் உலகப்போரில் மேற்குப் போர்முனையில் காயப்பட்ட இந்தியப் படைவீரர்களைக் கொண்டுவந்து, பிரைட்டனில் மன்னர் கட்டிய குவிமாட அரண்மனையை மருத்துவமனையாக்கி அதில் வைத்தார்கள். சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்றபடி 9 சமையலறை வைத்து நடத்தினார்கள். சாதியைக் கடல் தாண்டியும் கவனமாகத் தூக்கி வந்திருக்கிறார்கள், பாருங்கள். அங்கே இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை இந்த மேட்டில்தான் தகனம் செய்தார்கள். சாம்பல் கடலில் கரைந்தது. தகனம் நடந்த இடத்தில் வெள்ளைப் பளிங்கில் எழுப்பிய மண்டபத்தை 1921 பெப்ரவரி 1ல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். சத்ரி என்றால் குடை. இரண்டாம் போரில் இந்த மேட்டில் படைப்பயிற்சி நடந்தபோது அந்தக் குடைக்கே துப்பாக்கிச் சூடு பட்டது, பிறகு சரிசெய்தார்கள். 53 பேரின் பெயர்களும் கல்லில் ஏறியது 2010ல்தான்.

காரில் வாசல்வரை போக முடியாது, நடந்தே ஆகவேண்டும். அதுவே நல்லது. கிளேட்டன் காற்றாலைகளிடம் காரை நிறுத்திவிட்டு மேட்டு வழியே நடந்தால், பிள்ளைகளோடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகலாம். திறந்த வெளி, நிழல் இல்லை. பிராம் வேண்டாம், குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் நினைவுக்கூட்டம் நடக்கிறது.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால்?

டோர்செட்டில் டைனம். யோசிக்காமல் சொல்வேன்.

1943 நவம்பரில் அந்தக் கிராமத்துக்கும் சுற்றியிருந்த பண்ணைகளுக்கும் ஒரு கடிதம் வந்தது. பிரான்சில் இறங்கப் போகும் படைக்குப் பயிற்சி கொடுக்க நிலம் வேண்டும், கிறிஸ்மஸுக்கு முன் வெளியேறுங்கள். 225 பேர் போனார்கள். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு குறிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள்: தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பாருங்கள், தலைமுறை தலைமுறையாக நாங்கள் இருந்த வீடுகள் இவை, ஒரு நாள் திரும்பி வருவோம், ஊரை அன்போடு நடத்தியதற்கு நன்றி. போர் முடிந்தது. 1948ல் நிலத்தை அரசு கட்டாயமாக வாங்கிக்கொண்டது. ஒருவரும் திரும்பிக் குடியேறவில்லை. இன்றும் அது இராணுவத்தின் சுடுதளத்துக்குள்தான் இருக்கிறது.

கூரையில்லாத வீடுகள் வரிசையாக நிற்கும். சில வீடுகளில் அடுப்புக் கிடங்கு அப்படியே. தேவாலயமும் பள்ளிக்கூடமும் மட்டும் முழுதாக, உள்ளே போய்ப் பார்க்கலாம். பள்ளியில் கோட்டு மாட்டும் கொளுவிகளில் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. இதைப் பார்த்ததும் போரால்தான் பள்ளி மூடியது என்று தோன்றும். இல்லை, பிள்ளைகள் குறைந்துபோய் அது 1932லேயே மூடிவிட்டது. கிராமங்கள் போர் இல்லாமலும் காலியாகும். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நேர்மை.

கிராமத்திலிருந்து வோர்பரோ கடற்கரைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். லேசான நடை. கடலோரத்தில் டாங்கித் தடுப்புக் கொங்கிரீட் கட்டிகளும், கவிழ்த்த சட்டி மாதிரி ஓர் இரும்புக் காவல் கூண்டும் உண்டு.

பெரும்பாலான வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும்தான் வழி திறந்திருக்கும். டைனம் இருக்கும் லல்வேர்த் சுடுதளத்தின் திறப்பு நாட்களை அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு தடவை பார்க்காமல் கிளம்பி, பூட்டிய கேட் முன்னால் காருக்குள் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்த குடும்பம் நாங்கள்.

ஊரில் போரைக் கண்ட அம்மா அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

அடிக்கடி வரும் கேள்வி, தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. முதலில் அவர்களிடமே கேளுங்கள். "ஒரு இடம் இருக்கு, வாங்கோ" என்று மறைத்துக் கூட்டிப்போகாதீர்கள். என்ன இடம், என்ன நடந்தது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

சத்தம்தான் முக்கியமான விஷயம். லல்வேர்த் பக்கம் வார நாட்களில் டாங்கிப் பீரங்கி வெடிக்கும், சில மைல் தள்ளியும் கேட்கும். ஷெல்லடி கேட்டு வளர்ந்தவருக்கு அது பயிற்சி என்று மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. வழி திறந்திருக்கும் நாளில் சுடுவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் தங்குவதாக இருந்தால் திங்கள் காலைக்கு முன் கிளம்பிவிடுங்கள். விமானக் கண்காட்சி நாட்களிலும் கடற்கரைப் பக்கம் போகவேண்டாம்.

என் அம்மாவை டைனத்துக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போனது சரியா என்று வழியெல்லாம் யோசனை. கதவில் இருந்த குறிப்பை நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "வளவுக்குள்ளே என்ன மரம் வச்சிருந்தவை?" என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. வீடு வீடாகப் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். திரும்பி வரும்போது, எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்ற மாதுளையைப் பற்றி மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தா. அந்த மாதுளையைப் பற்றி எனக்கே அதற்கு முன் சொன்னதில்லை.

போரில் செத்தவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது?

பிள்ளை கேட்ட அளவு. டெவனில் ஸ்லாப்டன் கடற்கரையை வைத்துச் சொல்கிறேன். அங்கே டோர்க்ரொஸ் ஊரின் கார் தரிப்பிடத்தில் ஒரு கறுப்பு டாங்கி நிற்கிறது. சின்னவர்களுக்கு அந்த டாங்கி போதும். சுற்றிவரக் கன்வஸ் திரை கட்டினால் அது கடலில் மிதக்கும் என்று சொன்னால் கண் விரியும். கடலுக்கடியில் கிடந்ததை 1984ல் கென் ஸ்மோல் என்ற உள்ளூர்க்காரர் விடாமல் முயன்று மேலே எடுப்பித்தார்.

பத்து வயது தாண்டியவர்களுக்கு மீதியைச் சொல்லலாம். நோர்மண்டிக் கடற்கரை போலவே இருந்ததால் அமெரிக்கப் படை பயிற்சிக்கு இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தது. சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 3,000 பேர் வீடு விட்டுப் போனார்கள். டைனம் போல இல்லை, இவர்கள் திரும்பி வந்தார்கள். 1944 ஏப்ரல் 28 அதிகாலை, பயிற்சிக்கு வந்த கப்பல் வரிசையை ஜெர்மன் விரைவுப் படகுகள் கடலில் மடக்கின. வழக்கமாகச் சொல்லும் எண்ணிக்கை 749 பேர் இறந்தார்கள் என்பது. நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு ஆறு கிழமைகூட இல்லாததால் விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள்.

யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கேட்பார்கள். ஹிட்லரின் அரசு செய்ததை மழுப்ப வேண்டாம். அந்தப் படகில் இருந்த பையனுக்கும் பத்தொன்பது இருபது வயதுதான் இருந்திருக்கும் என்பதையும் சொல்லலாம், இரண்டும் ஒரே தலைக்குள் இருக்க இடம் உண்டு. நான் செய்யாத ஒன்று: டாங்கி முன்னால் பிள்ளையைத் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி நிற்க வைத்துப் படம் எடுப்பது.

சுடுதளத்தில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால்?

திரும்பிவிடுங்கள். சுடுகிறார்கள் என்று அர்த்தம், இரவில் சிவப்பு விளக்கு. லல்வேர்த்தில் மஞ்சள் அடையாளக் கம்பங்களுக்கு உள்ளே மட்டும் நடக்கவேண்டும், வெளியே வெடிக்காத குண்டு கிடக்கலாம். இரும்பாக ஏதாவது கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, தள்ளி வந்து 999 அழையுங்கள். கடற்கரை என்றால் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள். "ஞாபகத்துக்கு ஒரு துண்டு" என்று எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். விழுந்த இராணுவ விமானத்தின் துண்டை அனுமதி இல்லாமல் எடுப்பது 1986ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கண்டதைத் தொடக்கூடாது என்பதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளக்கத் தேவை.

நாங்கள் வடக்கே இருக்கிறோம். எல்லாம் தெற்காகவே சொல்கிறீர்களே?

உண்மைதான், நான் நடந்தது தெற்கு. டார்பிஷயரில் டேர்வென்ட் அணைக்குப் போங்கள். 1943 மே மாதம் ஜெர்மன் அணைகளை உடைக்கப் போன பிரித்தானிய விமானப்படையின் 617ம் படைப்பிரிவு, தாழப் பறக்கப் பழகிய இடங்களில் அதுவும் ஒன்று. பக்கத்துக் கார் தரிப்பிடமான ஃபேர்ஹோம்ஸிலிருந்து அணையடிக்குக் கொஞ்ச நடைதான்.

வரைபடம், சப்பாத்து, மாடு?

ஓர்ட்னன்ஸ் சேவே நிறுவனத்தின் செம்மஞ்சள் அட்டை வரைபடம் வாங்குங்கள், 1:25,000 அளவு. நடைவழி பச்சைப் புள்ளிக்கோடாக இருக்கும். பல இடங்களில் பில்பொக்ஸ்கூடக் குறித்திருக்கும், சுடுதளத்துக்குச் சிவப்பில் அபாய எச்சரிக்கை இருக்கும். மஞ்சள் அம்புக்குறி நடைவழி, நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, பூட்டியிருந்தால் பூட்டியபடி விடுங்கள்.

கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நடுவே போகவேண்டாம், சுற்றிப் போங்கள். நாயைக் கூட்டிவந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பிவிடும். நீளப் புல்லுக்குள் நடந்தால் வீட்டுக்கு வந்து முழங்கால் பின்புறம், கம்புக்கூடு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் கடியால் லைம் என்ற நோய் வரலாம்.

சாப்பாடு, டொய்லெட்?

கக்மியரில் எக்சீற்றில் இரண்டும் உண்டு. டைனத்தில் டொய்லெட் உண்டு, கடை கிடையாது. சத்ரியில் இரண்டும் கிடையாது. கால்வாய்க் கரையில் ஆல்டர்மாஸ்டனில் முடித்துக்கொண்டு புறப்படுங்கள். போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோங்கள், வழக்கமாக வைப்பதைவிட இரண்டு கோப்பை கூட. மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது பக்கத்தில் எப்போதும் வேறொரு குடும்பம் நிற்கும்.